சும்மாவுக்கு என்ன நிறம்

எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் காது இரண்டையும் வாங்கிக்கொண்டு உயிரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குள் நன்றாகப் பேசப் பழகியிருந்ததால் வாய் தப்பியது. "அது ஒண்ணுலதான் ஒரு குறையும் இல்ல" என்பார் என் கணவர். நான் உதடு படிப்பேன் என்று தெரிந்தே, முகத்துக்கு நேராக நின்று சொல்வார். பக்கவாட்டில் நின்று கேலி பண்ணுகிற கோழைத்தனம் அவரிடம் கிடையாது.

என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சுவிட்சைத் தட்ட வேண்டும். கூடத்துச் சுவரில், படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்தில் அது இருந்தது. விளக்கு அணைந்து எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். தட்டுகிற விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். கணவர் ஒரு முறை தட்டுவார், கொஞ்சம் பொறுப்பார், இன்னொரு முறை தட்டுவார். மகனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் பிறவியிலேயே கிடையாது. நான் திரும்புகிறவரை படபடவென்று அடித்துத் தள்ளுவான். அவன் கையால் உயிரை விட்ட பல்புகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடையே வைத்திருக்கலாம்.

நான் தையல்காரி. பெரிய உடுப்பெல்லாம் தைப்பதில்லை. கால்சட்டை நீளம் குறைப்பேன், பிய்ந்த ஜிப்பை மாற்றுவேன், இளைத்தவர்களுக்குப் பிடிப்பேன், பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவேன். என் தையல் மிஷின் கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்கிறது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் உலகமே திருடு போனாலும் எனக்குத் தெரியாது என்பதால், மிஷினுக்குப் பின்னால் பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பேன். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருக்கிறேன். கூடம் முழுக்க அதில் கொஞ்சம் கோணலாகத் தெரியும். ஊசியிலும் நூலிலும் வெளிச்சம் விழுவதற்காக வைத்திருக்கிறாள் என்றுதான் வீட்டில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

ஒரு நாளில் பல தடவை விளக்கு இமைக்கும். திரும்பி, "என்ன?" என்பேன்.

"சும்மா" என்பார் கணவர்.

சும்மா கூப்பிட்டவருக்கு எங்கள் வீட்டில் ஒரு தண்டனை உண்டு. பக்கத்தில் இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து, நான் பிரித்துப் போட்ட தையலிலிருந்து நூல் துணுக்குகளைப் பொறுக்க வேண்டும். அது அலுத்துப்போகும் வேலை. ஆனாலும் அவர் திருந்தவே இல்லை. கடைசி வருஷங்களில் அவர் பொறுக்கிய நூலை முடிச்சுப் போட்டிருந்தால் ஊரைச் சுற்றிக் கட்டியிருக்கலாம்.

அவர் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. மகன் வேலை விட்டு வந்தால் அவன் அறைக்குள் போய்விடுகிறான். ஏதாவது வேண்டுமென்றால் என் போனுக்குச் செய்தி அனுப்புவான். அது இடுப்பில் கிடந்து துடிக்கும். 'தோசைக்கரண்டி எங்கே' என்று இருக்கும். வாசல் மணி அடித்தால் வந்து தோளைத் தொட்டுச் சொல்வான். குக்கர் விசிலை அவன்தான் எண்ணி விரல்களைக் காட்டுவான். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் அவன்தான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவான். காரியத்துக்கு அவனைக் குறை சொல்ல முடியாது. சும்மாவுக்குத்தான் ஆள் இல்லாமல் போனது.

அப்படியிருக்கும்போதுதான், "அம்மா, வீட்டுக்குப் புது லைட் போடப் போறேன். கலர் மாறும். சீலிங்குக்குள்ளயே பதிச்சிடலாம்" என்று வந்து நின்றான். முகமெல்லாம் வெளிச்சம். சின்ன வயதில் பரிசுக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்த அதே முகம்.

"இருக்கற விளக்குக்கு என்ன கேடு?" என்றேன்.

"இது உனக்காகவேம்மா. பாத்துட்டு அப்புறம் சொல்லு."

எனக்காக என்று சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? சரி என்றேன்.

எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர்தான். ஆனால் திருகாணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிறவர். அப்படிப் பேசுகிறவர்களை என்னால் படிக்க முடியாது. வட்டமாக ஓட்டை போடும் ரம்பத்தை டிரில்லில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் தூசிக்கு முகமூடி வேறு போட்டுக்கொண்டார். அதோடு அவர் எனக்குச் சுத்தமாக மூடிவிட்ட புத்தகம் ஆனார். பென்சிலால் குறித்த இடங்களில் எல்லாம் வெள்ளைச் சீலிங்கில் அப்பளம் அப்பளமாக அறுத்து எடுத்தார். மாவு மாதிரி தூசி கொட்டியது. மிஷினைப் போர்வையால் மூடினேன். தட்டை எடுத்துச் சமையலறைக்குள் வைத்தேன்.

விளக்குகளுக்கு இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்த காதுகள் இருந்தன. அவற்றை மேல்நோக்கி மடக்கி ஓட்டைக்குள் தள்ளினால், உள்ளே போனதும் விரிந்து சீலிங்கைக் கவ்விக்கொள்ளும். விரலை எடுக்கத் தாமதித்தால் விரலையும் கவ்வும். எலக்ட்ரீஷியன் விரலை ஒன்று கவ்வியது. அந்த நேரம் பார்த்து முகமூடியைக் கழற்றியிருந்தார். அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன். எனக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் சொன்னது. பாவம், அந்தத் தைரியத்தைக் கெடுப்பானேன் என்று குனிந்துகொண்டேன்.

விளக்குகள் எல்லாம் ஏறிய பிறகு, மிஷின்மேல் இருந்த போர்வையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் ஒருவர் வாங்கிக்கொண்டு போக வேண்டிய கால்சட்டை பாதியில் கிடந்தது. இரண்டு தையல் ஓட்டியிருப்பேன். விளக்கு அணைந்து எரிந்தது.

திரும்பி, "என்ன?" என்றேன்.

எலக்ட்ரீஷியன் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தலையை ஆட்டி ஒன்றுமில்லை என்றார். திரும்பித் தைக்க ஆரம்பித்தேன். மறுபடியும் இமைத்தது. மறுபடியும் திரும்பினேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றார். இந்த விளக்குகளைப் போனோடு சேர்க்க வேண்டுமானால் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட வேண்டுமாம். அப்போதுதான் அவை சேரத் தயாராகுமாம். எல்லா விளக்கும் சேரும். ஒன்று மட்டும் முறைத்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து அணைத்துப் போடுவார். மகன் ஏணிக்குக் கீழே போனைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்று சொல்வான்.

எனக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் திரும்புவதில்லை என்று முடிவும் பண்ணிவிட்டேன். ஆனால் கழுத்துக்கு யார் புரியவைப்பது? விளக்கு இமைத்தால் திரும்பியே பழகிய கழுத்து அது. ஒவ்வொரு தடவையும் திரும்பியது. எலக்ட்ரீஷியன் என் மகனைப் பார்த்தார், மகன் கூரையைப் பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு முறை இமைத்தது. கொஞ்சம் பொறுத்தது. இன்னொரு முறை இமைத்தது.

நான் எழுந்துவிட்டேன். மடியில் இருந்த கால்சட்டை கீழே விழுந்தது. "இதோ வந்துட்டேங்க" என்று வாய் சொல்லிவிட்டது. எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. இருவரும் திரும்பிய வேகத்தைப் பார்த்தால் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"யாராவது வந்தாங்களாம்மா?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"யாரும் வரல. நீங்க வேலையப் பாருங்க."

அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. விரல் வலித்திருக்கும், நடுவில் கொஞ்சம் நிறுத்தியிருப்பார். ஆனால் என் கணவருக்கு மட்டும் சொந்தமான ஒன்றை எடுத்துப் புழங்கிவிட்டது போல இருந்தது. அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குத் தூசிக்குப் பஞ்சமில்லை.

எல்லாம் சேர்ந்த பிறகு, எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு வந்து சுவிட்சைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அத ஏன் கழட்டறீங்க?" என்றேன்.

மகன் முன்னால் வந்து நின்றான். "சுவிட்ச் இனிமே வேண்டாம்மா. இந்த லைட்டுக்கு எப்பவும் கரண்ட் போய்க்கிட்டே இருக்கணும். யாராவது தெரியாம ஆஃப் பண்ணிட்டா எதுவுமே வேலை செய்யாது. அதனால வயர நேரா சேத்துட்டு மூடிடப் போறோம்."

"அப்ப என்னை எப்படிக் கூப்பிடுவே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான் போல. போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். "இங்க பாரு. வாசல்ல யாராவது பெல் அடிச்சா வீடு பூரா நீலமாயிடும். குக்கர்ல நீ சொன்ன அளவு விசில் வந்தா ஆரஞ்சு. அதுக்குன்னே அடுப்புக்கிட்ட சின்னதா ஒண்ணு வெச்சிருக்கேன். தொட்டி நிரம்பினா மஞ்சள், மோட்டார் தானாவே நின்னுடும். கேஸ் கசிஞ்சா சிவப்பு. நீ தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பற மாதிரி சிமிட்டும். நான் போன் பண்ணினா பச்சை." ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினான். மெயின் அணைந்திருந்ததால் போனில்தான் நிறம் மாறியது. "இனிமே நீ யாரையும் எதிர்பாக்க வேண்டாம்மா. வீடே உனக்குச் சொல்லிடும்."

அவன் உதட்டைப் படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல், குக்கர், தொட்டி. அவன் செய்துகொண்டிருந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தை நியமித்துவிட்டான். வேலையை விட்டுப் போகிறவன், அடுத்து வருகிறவனிடம் பொறுப்பை ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. இத்தனை நாள் கழித்து, 'நான் போன் பண்ணினா பச்சை' என்கிறான். ஒரே வீட்டில் இருப்பவன் எதற்கு எனக்குப் போன் பண்ணப் போகிறான்?

"சும்மாவுக்கு என்ன கலர்?" என்றேன்.

"என்னது?"

"சும்மா கூப்பிடறதுக்கு."

சிரித்தான். "சும்மாவுக்கெல்லாம் யாராவது கலர் வைப்பாங்களாம்மா?"

"எப்பக் கிளம்பறே?" என்றேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. எலக்ட்ரீஷியன் ஸ்குரூடிரைவரோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா.

"உனக்கு யார் சொன்னா?"

"உன் விளக்குதான் சொல்லுச்சு."

நீட்டிய போனைக் கீழே இறக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான். வேறு ஊரில் நல்ல வேலை. அடுத்த மாதம் சேர வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றான். அதைச் சொல்லும்போது அவன் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவன்மேல் கோபப்படக்கூட விடமாட்டான், பாவி.

"நல்ல வேலைன்னா போகத்தானே வேணும்" என்றேன். "முதல்லயே வாயால சொல்லியிருக்கலாம். இவ்வளவு ஓட்டை போட்டிருக்க வேண்டாம்."

எலக்ட்ரீஷியன் வயர்களை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி உள்ளே தள்ளி, மேலே வெறும் வெள்ளைப் பலகையைத் திருகினார். சுவிட்ச் இருந்த இடம் பல் போன ஈறு மாதிரி மழுமழுவென்று ஆனது. பழைய சுவிட்ச் வேண்டுமா என்று கையில் வைத்துக் காட்டினார். வேண்டாம் என்றேன். சுவரில் இல்லாத சுவிட்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாயங்காலம் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போனைக் காட்டினான். "சும்மாவுக்கு வயலட் வெச்சிருக்கேன், பாரு. எங்க இருந்தாலும் இத அமுக்கினாப் போதும்." அமுக்கிக் காட்டினான். கூடம் முழுக்கக் கத்திரிப்பூ நிறமானது. அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அவன் போனான்.

விளக்குகள் சொன்ன சொல் தவறவில்லை. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாசலில் துணி கொடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சுவிட்சைத் தட்டுவார்கள். அப்படியே நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். இப்போது பெல் அடிக்கிறார்கள். கூடம் நீலமாகிறது. போய்த் திறந்தால் வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆரஞ்சு வந்தால் அடுப்பை அணைத்தேன். மஞ்சள் வந்தால் தொட்டி நிரம்பியது என்று அர்த்தம், எனக்கு அதில் வேலையே இல்லை. பொழுது சாய்ந்தால் விளக்குகள் தாமாகவே இளமஞ்சளாக மங்கும். காலையில் தாமாகவே வெளுக்கும். வீடு நாள் முழுக்க என்னோடு பேசிக்கொண்டே இருந்தது. கூப்பிடத்தான் யாரும் இல்லை.

வாரக் கடைசியில் பச்சை வரும். போனில் மகன் முகம் தெரியும். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தொட்டி சரியாக நிற்கிறதா என்று கேட்பான். நானும் சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவன் பின்னால் யாரோ நடந்துபோவார்கள், அவன் திரும்பிப் பார்ப்பான், அந்த நேரம் அவன் உதடு எனக்குத் தெரியாது. சரிம்மா என்று கையசைப்பான். பச்சை போய்விடும்.

வயலட் வரவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது வடிகட்டிய பொய். தைத்துக்கொண்டிருக்கும்போது அடிக்கடி கூரையைப் பார்த்ததில் ஒருநாள் ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஒரு மத்தியானம் அது வந்தது. காலர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த வெள்ளைத் துணி கத்திரிப்பூ நிறமானது. நிமிர்ந்து பார்த்தேன், கூடமே அந்த நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்திருப்பேன். போனை எடுத்து 'என்ன?' என்று அனுப்பினேன். முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அவன் வந்து அதில் உட்காரப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் போட்டேன்.

பதில் வர வெகுநேரம் ஆனது. 'என்னம்மா? நான் கூப்பிடலையே' என்று இருந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது: 'ஓ சாரிம்மா, தெரியாம கை பட்டிருக்கும். மீட்டிங்ல இருக்கேன்.'

'சரி' என்று அனுப்பினேன். முக்காலியைக் காலால் தள்ளி அதன் இடத்தில் வைத்தேன். அவன் நிறத்தை மாற்றும்வரை கூடம் அப்படியேதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளை நூல் எது, நீல நூல் எது என்றுகூடத் தெரியவில்லை. காலரைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மீதி இருந்த துணிமணிகளை எடுத்துக்கொண்டு போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். காலையில் வந்து சாயங்காலம் கிளம்புகிற வருகை. இளைத்திருந்தான். அவனுடைய கால்சட்டை ஒன்றை இடுப்பில் பிடித்துக் கொடுக்கச் சொன்னான். அவன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான், நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். தட்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதில் கூடம் கோணலாகத் தெரிந்தது.

தையல் பாதியில் இருக்கும்போது தட்டில் அவன் வந்தான். பெட்டியை வாசல் பக்கத்தில் வைத்தான். வண்டிக்குச் சொல்லிவிட்டான் போல, போனைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். என் முதுகைப் பார்த்து நின்றான். பிறகு நேராகச் சுவருக்குப் போனான். கை தானாக மேலே எழுந்தது. அந்த வெள்ளைப் பலகையைத் தட்டினான். கொஞ்சம் பொறுத்தான். இன்னொரு முறை தட்டினான்.

அவனுக்கு அந்தப் பொறுமை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

விளக்கு அசையாமல் எரிந்தது. அவன் தன் விரலையே பார்த்தான். அங்கே சுவிட்ச் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல், உள்ளங்கையை அந்தப் பலகைமேல் வைத்தபடி நின்றான். போனை எடுத்து வயலட்டை அமுக்கியிருக்கலாம். எடுக்கவில்லை. வந்து தோளைத் தொட்டிருக்கலாம். அதற்கும் வரவில்லை. கடைசியில் கையை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பார்க்கத் திரும்பினான்.

என் வாழ்க்கையில் விளக்கு இமைக்காமல் நான் திரும்பியதில்லை. அன்றைக்குத் திரும்பினேன்.

"என்ன?" என்றேன்.

திடுக்கிட்டுப் போனான். "லைட்டே மாறலையே. எப்படிம்மா தெரிஞ்சுது?"

தட்டைக் காட்டினேன். அவன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். அதில் கூடமும் கதவும் சுவரும் தெரிந்தன. எங்கள் இருவர் முகமும் கோணலாகத் தெரிந்தது. நிமிர்ந்து என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு கேட்டான்.

"இத்தனை வருஷமா இதுலயா பாத்துட்டு இருந்தே? அப்பா வந்து நிக்கறதையுமா?"

"உங்கப்பா அறையை விட்டு வெளிய வரும்போதே பாத்துடுவேன்."

"பின்ன ஏன் தட்டற வரைக்கும் திரும்பவே மாட்டே?"

"நீங்க கூப்பிடணும்னுதான்."

அவன் தட்டை இன்னொரு தடவை பார்த்தான். மூக்கு நுனி சிவக்க ஆரம்பித்தது. நான் முக்காலியைக் காலால் இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

"இப்ப எதுக்குக் கூப்பிட்டே?"

"சும்மாதாம்மா."

"சட்டம் தெரியுமில்ல?"

உட்கார்ந்தான். பிரித்த இடுப்புப் பட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நகத்தால் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். அவன் அப்பாவுக்கு இருந்த சுத்தம் இவனுக்கு இல்லை. பாதியைக் கீழே விட்டான். நான் மிஷினை மிதித்தேன்.

கூடம் முழுக்க நீலமானது. அவன் சொல்லியிருந்த வண்டி வந்துவிட்டது. நான் தையலிலிருந்து தலையை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும் நீலமானது. அவனுக்கு மணிச்சத்தம் நன்றாகவே கேட்டிருக்கும். கேட்காதவன் மாதிரி குனிந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.